நூலகத்துள் நுழைந்த நுண்கணிப்பொறி



நூலகம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நூல்கள் நிறைந்த அடுக்குகளே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின், அடுக்குகள் மட்டும் நூலகம் ஆகிவிடா. வேண்டிய நூலை வேண்டியபோது தேடி எடுப்பதற்கு ஒரு வழி இருந்தால்தான் நூற்குவியல் நூலகம் என்னும் பெயர் பெறும். அவ்வழியை அமைப்பதற்கு மனிதன் காலந்தோறும் பல கருவிகளைக் கையாண்டிருக்கிறான். அவற்றுள், மைக்ரோ கம்ப்யூட்டர் என்று உலகம் வழங்கிய சிறிய கணிப்பொறி நூலகப் பணியில் முதன்முதல் புகுந்த வரலாற்றையும், அதனைக் கையாண்டோர் தம் அனுபவத்தால் வகுத்துக்கொண்ட நடைமுறை விதிகளையும் இன்று காண்போம். ஏறத்தாழ 1977 முதல் 1990 வரை நிகழ்ந்த வரலாறு இது. அக்காலத்துப் பொறிகள் இன்று பொருட்காட்சிச் சாலைகளுக்குப் போய்விட்டன. அவற்றோடு பிறந்த விதிகளோ இன்னும் முதுமை எய்தவில்லை.

முதலில், கணிப்பொறிக்கு முன்பு இருந்த கருவி யாது என்று பார்ப்போம். அதுதான் பட்டியல் அட்டை. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791-ஆம் ஆண்டில், மடங்களிலிருந்தும் செல்வர் மாளிகைகளிலிருந்தும் அரசு கைப்பற்றிய நூல்களுக்குப் பட்டியல் எழுத நேர்ந்தது. அதற்குச் சீட்டாட்டச் சீட்டுகளின் வெற்றுப் பின்புறத்தைப் பயன்படுத்தினர். நூற்பட்டியல் ஏட்டைவிட்டுத் தனித்தனி அட்டைக்கு மாறிய வரலாற்றில் இது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. ஏட்டில் எழுதினால் இடையே புதிய நூல் ஒன்றைச் சேர்க்க இடம் இராது. அட்டையானால் உரிய இடத்தில் செருகிவிடலாம். இச்சிறு வசதியே அட்டையை உலகெங்கும் பரப்பியது. 1901-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் நூலகம் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிற்று. பன்னிரண்டரை சென்டிமீட்டர் நீளமும் ஏழரை சென்டிமீட்டர் உயரமும், அடியில் ஒரு துளையும் கொண்ட அந்த அட்டையை உங்கள் ஆசிரியர்கள் கையால் புரட்டியிருப்பார்கள்.

அட்டைப் பட்டியல் சிறந்த கருவியே. எனினும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் அட்டை ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஆசிரியர் பெயரால் தேடுவோர்க்கு ஓர் அட்டை, நூற்பெயரால் தேடுவோர்க்கு ஓர் அட்டை, பொருளால் தேடுவோர்க்கு ஒன்றோ இரண்டோ என்று ஒரே நூலுக்கு நான்கு அட்டைகள் வேண்டும். ஐயாயிரம் நூல்கள் உள்ள சிறு நூலகத்தில் இருபதாயிரம் அட்டைகள் சேரும். ஒரே செய்தியை நான்கு முறை தட்டச்சுச் செய்ய வேண்டும். நான்கு இடங்களில் அகரவரிசை பிழையாமல் செருக வேண்டும். நூல் தொலைந்தாலோ நான்கு இடங்களிலும் தேடி நீக்க வேண்டும். நூலகர் வாசகரோடு பேச வேண்டிய நேரமெல்லாம் அட்டைகளோடு கழிந்தது.

இந்தத் துன்பத்தைப் பெரிய கணிப்பொறிகளைக் கொண்டு நீக்க முதலில் முயன்றவை பெரிய நூலகங்களே. காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் அவ்ரம் என்னும் அம்மையார், நூற்குறிப்பு ஒன்றைப் பொறி படிக்கும் வண்ணம் எவ்வாறு எழுதுவது என்பதற்கு ஓர் அமைப்பை வகுத்தார். அதற்கு மார்க் என்று பெயர். 1966-ஆம் ஆண்டில் பதினாறு நூலகங்களில் அதனைச் சோதித்துப் பார்த்தனர். 1969-ஆம் ஆண்டு முதல் காந்த நாடாக்களில் பதிவு செய்து வழங்கினர். ஒகையோ மாநிலத்தில் பிரடெரிக் கில்கோர் என்பவர் பல கல்லூரி நூலகங்களைத் தொலைபேசிக் கம்பிகளின் வழியே ஒரே கணிப்பொறியோடு இணைத்தார். ஒரு நூலகம் எழுதிய குறிப்பைப் பிற நூலகங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. 1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் ஒகையோ பல்கலைக்கழக நூலகத்தில் அப்பணி தொடங்கிற்று. முதல் நாளில் பட்டியலிடப்பெற்ற நூல்கள் 133.

இவை அரிய செயல்கள்தாம். ஆயின், அந்தக் கணிப்பொறிகள் தனி அறையும் குளிர்பதன வசதியும் வேண்டுபவை. விலையோ பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் மட்டுமே தாங்கக்கூடியது. ஊர்ப்புற நூலகமும் பள்ளி நூலகமும் எட்ட நின்று வியந்து பார்த்தன. எட்டாத கனியை எட்டச் செய்தது நுண்கணிப்பொறி.

1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் கணிப்பொறியின் மூளையாகிய செயற்பகுதி முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1975-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறியைப் பற்றி ஓர் அமெரிக்க இதழ் அட்டைப்படத்தோடு எழுதியது. வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும் உறுப்புத் தொகுதியாக 397 டாலருக்கு அது விற்றது. அதில் விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்புறத்துப் பொத்தான்களை மேலும் கீழும் தள்ளியே அதனோடு பேச வேண்டும். நூலகத்துக்கு அதனால் பயன் இல்லை. 1977-ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. ஆப்பிள் 2, கமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 என்னும் மூன்று பொறிகள் விசைப்பலகையோடு அவ்வாண்டிலேயே வெளிவந்தன. டி.ஆர்.எஸ்.-80 என்பது திரையும் சேர்த்து ஏறக்குறைய 600 டாலருக்குக் கிடைத்தது. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனமும் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொலராடோ மாநிலத்துப் புரூம்ஃபீல்டு என்னும் ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியின் நூலகர் பெட்டி காஸ்டா, ஆப்பிள் கணிப்பொறியைக் கொண்டு சிறுவர் தாமே தேடக்கூடிய நூற்பட்டியலை அமைத்தார். பெரும் பல்கலைக்கழகங்களோடு சிறு பிள்ளைகளின் பள்ளியும் கணிப்பொறிப் பட்டியல் பெற்றது அக்காலத்தில் சிறு செய்தி அன்று.

இனி, அப்பொறியின் ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிடுவோம். இக்கணக்கைச் செய்யாமல் பொறியை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஒரு நூலுக்கு ஆசிரியர் பெயர் 40 எழுத்து, நூற்பெயர் 100 எழுத்து, பதிப்பகம் 30 எழுத்து, ஆண்டு 4 எழுத்து, பகுப்பெண் 20 எழுத்து, சேர்க்கை எண் 6 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 எழுத்து. ரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு இடம் வேண்டும். ஆப்பிள் 2 பொறியின் நெகிழ்வட்டு, அதாவது பிளாப்பி, 140 கிலோபைட்டு கொள்ளும். அதில் அடங்கக்கூடிய நூல்கள் ஏறக்குறைய 700. ஐ.பி.எம். பொறியில் பின்னர் வந்த 360 கிலோபைட்டு வட்டில் 1,800 நூல்கள் அடங்கும். ஐயாயிரம் நூல்கள் உள்ள பள்ளி நூலகம் ஒன்று தன் பட்டியல் முழுவதையும் பதிய முதல் வகையில் எட்டு வட்டுகள் வேண்டும். வாசகர் ஒருவர் ஒரு நூலைக் கேட்டால், எந்த வட்டில் உள்ளது என்று முதலில் வட்டைத் தேட வேண்டும்! 1983-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட எக்ஸ்.டி. பொறியில் 10 மெகாபைட்டு கொள்ளும் வன்தட்டு இருந்தது. அதில் 50,000 நூல்கள் அடங்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம். சிறு நூலகத்துக்கு முழுப் பட்டியல் கைகூடியது அதன் பின்னரே.

ஆதலின், அக்காலத்து அறிவுடைய நூலகர்கள் வகுத்துக்கொண்ட முதல் விதி இதுவே: பொறியை மேசைமேல் வைக்குமுன் வேலையைத் தாளில் எழுது. எல்லா வேலையையும் ஒரே நாளில் பொறியின் தலைமேல் ஏற்றலாகாது. பருவ இதழ்களின் பட்டியல், புதிதாக வந்த நூல்களின் பட்டியல், தவணை கடந்தும் திரும்பாத நூல்களுக்கான நினைவூட்டுக் கடிதம் ஆகிய மூன்றும் தொடக்கத்துக்கு ஏற்றவை. இவை அளவில் சிறியவை, அடிக்கடி மாறுபவை, கையால் செய்தால் சலிப்பூட்டுபவை. ஒருமுறை பதிந்ததைப் பலமுறை அச்சிடுவதுதான் பொறியின் உண்மையான உதவி. இவற்றில் கை பழகிய பின்னரே முழுப் பட்டியலைத் தொட வேண்டும். அப்போதும் அட்டைகளை உடனே எறிந்துவிடலாகாது. பொறியில் உள்ளதும் அட்டையில் உள்ளதும் ஒத்திருக்கின்றன என்று உறுதிப்படும் வரையில் இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும்.

இரண்டாம் விதி, செய்தியைக் கூறுபடுத்திப் பதிவது. நூற்குறிப்பில் ஆசிரியர் பெயருக்கு ஓர் அறை, நூற்பெயருக்கு ஓர் அறை, ஆண்டுக்கு ஓர் அறை என்று தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். இந்த அறையைப் புலம் என்பர். எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிவிட்டால் மனிதன் படித்துப் புரிந்துகொள்வான், பொறிக்குப் புரியாது. 1980-களில் பலரும் பயன்படுத்திய டி-பேஸ் 2 என்னும் மென்பொருளில் ஒரு பதிவுக்கு 32 புலங்கள் வரை வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு புலத்தின் நீளத்தையும் முன்கூட்டியே அறுதியிட வேண்டும். நூற்பெயருக்கு 60 எழுத்து என்று அறுதியிட்டால் நீண்ட பெயர் பாதியில் அறுந்துபோகும். 150 என்று வைத்தால் குறுகிய பெயர்களுக்குப் பின்னே வெற்றிடம் வட்டை நிரப்பும். ஒரு நூலுக்கு மூன்று ஆசிரியர் இருப்பின் மூன்றாமவரை எங்கே எழுதுவது என்பது இன்னொரு சிக்கல். அலுவலகக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் நூலகத்துக்கு முழுதும் ஏற்றதன்று என்பதை நூலகர்கள் இதனால் உணர்ந்தார்கள்.

மூன்றாம் விதி தட்டச்சு பற்றியது. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் ஒன்று என்னும் எண்ணுக்குத் தனி விசையே கிடையாது. ஆங்கிலச் சிற்றெழுத்தாகிய எல் என்பதையே ஒன்றாக அடிப்பது வழக்கம். தாளில் இரண்டும் ஒன்று போலவே தோன்றும். கணிப்பொறிக்கோ அவை வேறு வேறு. பல ஆண்டுகள் தட்டச்சில் பழகிய கை 1981 என்பதை எல் எழுத்தால் தொடங்கினால், அந்த நூல் 1981-ஆம் ஆண்டு நூல்களின் பட்டியலில் தோன்றவே தோன்றாது. சுழியத்துக்குப் பதிலாக ஓ என்னும் எழுத்தை அடிப்பதும் இத்தகையதே. எண்களைச் சொற்களைப் போல் பதிந்துவிட்டால், 10 என்பது 2-க்கு முன்னே போய் நிற்கும். முதல் எழுத்தையே பொறி முதலில் நோக்கும் ஆதலின். எனவே, சேர்க்கை எண் 125 என்பதை 000125 என்று முன்னே சுழியங்கள் இட்டு எழுதுமாறு பழக்கினர். ஆண்டை நான்கு இலக்கமாகவே எழுத வேண்டும் என்பதும் ஒரு விதி. இடத்தை மிச்சப்படுத்தக் கருதி இரண்டு இலக்கம் மட்டும் எழுதிய அலுவலகங்கள் 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது என்ன பாடுபட்டன என்பதை உலகம் அறியும். 1890-இல் அச்சான நூலும் 1990-இல் அச்சான நூலும் அருகருகே வாழும் நூலகத்திலோ அந்தக் குழப்பம் முதல் நாளிலேயே தோன்றிவிடும்.

பெயர்களின் சிக்கல் இதனினும் பெரிது. சுப்பிரமணியன் என்னும் ஒரே பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மனிதக் கண் அவை ஒரே பெயர் என்று ஊகித்துக்கொள்ளும். பொறிக்கு ஊகம் இல்லை. ஒருவரே எழுதிய நான்கு நூல்கள் நான்கு வேறு ஆசிரியர்களின் நூல்களாகப் பிரிந்து நிற்கும். எனவே, ஒவ்வோர் ஆசிரியர்க்கும் ஒரே வடிவம் என்று தீர்மானித்து, அதனைத் தனி ஏட்டில் எழுதி வைத்து, பதியும்போதெல்லாம் அதனைப் பார்த்தே பதிய வேண்டும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்னும் நம் பழமொழி கணிப்பொறிக்கென்றே சொன்னது போல் இருக்கிறது அன்றோ?

பிழையைத் தானே கண்டுபிடிக்கும் ஓர் அழகிய கணக்கும் அக்காலத்தில் நூலகத்துக்கு வந்தது. அதுவே நூல்களின் பின்னட்டையில் நீங்கள் காணும் பன்னாட்டுத் தர நூல் எண். 1970-ஆம் ஆண்டில் உலகத் தரமாக ஏற்கப்பட்ட இவ்வெண் 2006-ஆம் ஆண்டு முடிய பத்து இலக்கம் உடையதாய் இருந்தது. 2007 ஜனவரி முதல் பதின்மூன்று இலக்கமாயிற்று. பழைய முறையில் முதல் இலக்கத்தைப் பத்தாலும், அடுத்ததை ஒன்பதாலும், இவ்வாறே இறுதி இலக்கத்தை ஒன்றாலும் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகை பதினொன்றால் மீதியின்றி வகுபட வேண்டும். 0306406152 என்னும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 132 வரும். அது பதினொன்றின் பன்னிரண்டு மடங்கு. இறுதி இரண்டு இலக்கங்களைத் தவறி இடம் மாற்றி அடித்தால் 129 வரும். வகுத்தால் எட்டு மீதியாகும். உடனே பொறி தவறு என்று மறுத்துவிடும். பள்ளியில் கற்ற வகுத்தல் கணக்கு நூலகத்தின் வாயிலில் காவல் நிற்பதைக் காண்கிறீர்கள்.

நான்காம் விதி, தேடலுக்கு முன்பே அகரவரிசைச் சுட்டு ஆக்கி வைப்பது. பத்தாயிரம் நூல்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் பொறியும் களைத்துவிடும். அகரவரிசைப்படுத்திய சுட்டு இருந்தால், நடுவே திறந்து பார்த்து, வேண்டியது முற்பாதியிலா பிற்பாதியிலா என்று தீர்மானித்து, மற்றப் பாதியை ஒதுக்கிவிடலாம். மீண்டும் அதில் பாதி, மீண்டும் பாதி என்று போனால், பத்தாயிரத்தில் ஒன்றைக் காணப் பதினான்கு முறைக்கு மேல் ஒப்பிட வேண்டுவதில்லை. அகராதியில் சொல்லைத் தேடும்போது நீங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

ஐந்தாம் விதி, வட்டுகளைப் பேணுதல். ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு பெயருக்கு ஏற்ப மெல்லியது. அதனை மடக்கலாகாது. உறையின் திறந்த பகுதியில் தெரியும் பரப்பை விரலால் தொடலாகாது. காந்தமுள்ள பொருள்களின் அருகே வைக்கலாகாது. வட்டின்மேல் ஒட்டிய சீட்டில் பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதலாகாது. மென்முனைப் பேனாவே கொள்ள வேண்டும். ஓரத்தில் உள்ள சிறு வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட்டால் வட்டில் உள்ளது தவறியும் அழியாது. அன்றியும், பொறியின் நினைவகத்தில் உள்ளது மின்சாரம் நின்றால் மறைந்துவிடும். எனவே, சில பதிவுகள் முடிந்தவுடன் வட்டில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் மாலையில் நகல் எடுக்க வேண்டும். நேற்றைய நகல், அதற்கு முந்திய நகல் என்று மூன்று தலைமுறை இருத்தல் நன்று. அவற்றுள் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். தீயும் வெள்ளமும் வந்தால் மூலமும் நகலும் ஒரே அலமாரியில் இருந்து என்ன பயன்?

இந்த விதிகளுக்கு ஏற்ற மென்பொருள் ஒன்றை, நூலகத்துக்கென்றே, ஏழை நாடுகளும் பெறத்தக்க வகையில் அளித்தது யுனெஸ்கோ. அதன் பெயர் சி.டி.எஸ்./ஐசிஸ். முன்பு பெரிய கணிப்பொறிகளில் இயங்கிய அதனை நுண்கணிப்பொறிக்கு ஏற்ப அமைத்து 1985-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டனர். இலாப நோக்கமற்ற நிறுவனங்களுக்கு அது கட்டணமின்றிக் கிடைத்தது. அதில் புலத்தின் நீளத்தை முன்கூட்டி அறுதியிட வேண்டுவதில்லை. மூன்று ஆசிரியர் இருப்பின் ஆசிரியர் புலத்தையே மூன்று முறை அமைத்துக்கொள்ளலாம். சொல்லின் முற்பகுதியை மட்டும் எழுதித் தேடலாம். இரண்டு சொற்களைச் சேர்த்தும், ஒன்றை விலக்கியும் தேடலாம். இந்தியாவில் 1977-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நிசாட் என்னும் தேசிய அறிவியல் தகவல் அமைப்பு இதனை வழங்கிப் பயிற்சியும் அளித்தது. நம் நாட்டு நூலகங்கள் பலவற்றில் முதன்முதல் ஒளிர்ந்த பட்டியல் திரை இந்த ஐசிஸின் திரையே.

இவ்விடத்தில் சீர்காழியில் பிறந்த ஓர் அறிஞரை நினைக்காமல் மேலே செல்வது முறையன்று. கணித ஆசிரியராய் இருந்து 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர் எஸ். ஆர். ரங்கநாதன். 1931-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. 1933-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்தையும் குறியால் இணைப்பது. செய்தியைக் கூறுபடுத்திப் பதி என்று கணிப்பொறி கேட்பதற்கு நெடுங்காலம் முன்பே அவ்வாறு சிந்திக்கப் பழக்கியவர் அவர். 1972-இல் அவர் மறைந்தார். சிறிய நூலகங்களுக்கு நுண்கணிப்பொறி வந்து சேர்ந்ததை அவர் காணவில்லை. ஆயினும், பொறி வாசகருக்கு நேரத்தைத் தருகிறதா, அவருடைய நேரத்தைத் தின்கிறதா என்று அளப்பதற்கு அவருடைய நான்காம் விதியைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

தமிழ் நூல்களுக்கு ஒரு தனி இடர் இருந்தது. அக்காலத்துப் பொறிகள் ரோமன் எழுத்தையே அறிந்தவை. தமிழ் நூற்பெயரை ரோமன் எழுத்தில் பெயர்த்துப் பதிய வேண்டும். நம் மூன்று லகர ளகர ழகரங்களையும், இரண்டு ரகர றகரங்களையும், மூன்று ணகர நகர னகரங்களையும் வேறுபாடு தோன்ற எழுதப் புள்ளியும் கோடும் இட்ட எழுத்துகள் வேண்டும். விசைப்பலகையில் அவை இல்லை. அவை இல்லாமல் எழுதினால் மலையும் மழையும் மயங்கும். அகரவரிசையும் நம் நெடுங்கணக்கின்படி அமையாது. இந்திய மொழிகளுக்கென 1991-ஆம் ஆண்டில் இஸ்கி என்னும் குறியீட்டுத் தரம் வெளியாயிற்று. அதே ஆண்டில் வெளியான யூனிக்கோடு முதற்பதிப்பிலும் தமிழ் இடம் பெற்றது. எனினும், அவை மேசைப் பொறிகளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரப் பல ஆண்டுகள் சென்றன. இடையில் ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியீட்டில் தமிழைப் பதிந்து வைத்தோம். ஒருவர் பதிந்தது மற்றொருவர் பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது.

இங்கேதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை உள்ளது. பொறி பழுதாகும், புதியது வாங்கலாம். ஐந்தேகால் அங்குல வட்டு போய் மூன்றரை அங்குல வட்டு வந்தது, அதுவும் போயிற்று. ஆனால், இருபதாயிரம் நூல்களின் குறிப்பை ஒவ்வோர் எழுத்தாய் அடித்தவரின் உழைப்பு போனால் மீளுமா? அக்காலத்து நூலகங்கள் இரு வகையாய்ப் பிரிந்தன. ஒரு வகையினர் தம் பதிவுகளை ஒரே நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டும் விளங்கும் வடிவில் பூட்டி வைத்தனர். அந்த மென்பொருள் வழக்கொழிந்தபோது அவர்கள் எல்லாவற்றையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து அடிக்க நேர்ந்தது. மற்றொரு வகையினர், ஐ.எஸ்.ஓ. 2709 என்னும் பொதுவான பரிமாற்ற வடிவில் தம் பதிவுகளை வெளியே எடுத்து வைக்கும் வழக்கம் கொண்டனர். 1973-இல் வகுக்கப்பட்ட அந்த வடிவத்தை மார்க்கும் அறியும், ஐசிஸும் அறியும். அவர்களுடைய பதிவுகள் ஒரு பொறியிலிருந்து அடுத்த பொறிக்குச் சேதமின்றிக் குடிபெயர்ந்தன. வாங்கும்போதே, இதில் இட்டதை எவ்வாறு வெளியே எடுப்பது என்று கேள் என்பதே அவர்களுடைய விதி. இக்கேள்வியைக் கேட்டவர் சிலர், கேளாதவர் பலர்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. நூல் வழங்கும் பணியைப் பொறியிடம் ஒப்படைத்தால், யார் எந்நூலைப் படித்தார் என்பது அதில் பதிவாகும். பழைய முறையில் நூல் திரும்பியதும் சீட்டைக் கொடுத்துவிடுவர். பிறகு சுவடு இராது. பொறியோ சொல்லாவிட்டால் மறவாது. அமெரிக்க நூலகச் சங்கம் 1971-ஆம் ஆண்டிலேயே வாசகர் பதிவுகளை மறைவாகக் காக்க வேண்டும் என்று கொள்கை வகுத்தது. 1987-ஆம் ஆண்டில் அந்நாட்டு உளவுத்துறையினர் கொலம்பியா பல்கலைக்கழக அறிவியல் நூலகத்துக்கு வந்து, அயல்நாட்டினர் என்ன படிக்கின்றனர் என்று வினவியபோது நூலகர் விடை தர மறுத்தார். நூல் திரும்பியவுடன் வாசகர் பெயரையும் நூற்பெயரையும் பிணைக்கும் கயிற்றை அறுத்துவிட வேண்டும் என்பது அன்றே நல்ல நூலகர் கொண்ட விதி. எத்தனை நூல்கள் வழங்கப்பட்டன என்னும் தொகை நூலகத்துக்குப் போதும். எவர் எதைப் படித்தார் என்பது அவருக்கும் நூலுக்கும் இடையே உள்ளது.

மாணவ மாணவியரே, ஒகையோவில் 1971-இல் தொடங்கிய அந்நிறுவனம், கணிப்பொறியாலேயே அட்டைகளையும் அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பிவந்தது. 190 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை அச்சிட்ட பின்னர், 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் இறுதி அட்டையை அச்சிட்டு அப்பணியை நிறுத்தியது. நூலக வரலாற்றில் பழைய கருவியும் புதிய கருவியும் நெடுங்காலம் கைகோத்தே நடந்திருக்கின்றன என்பதற்கு இது சான்று.

இன்று உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசி, ஆப்பிள் 2 போன்ற பல்லாயிரம் பொறிகளின் கொள்ளளவு உடையது. உங்கள் பாடக்குறிப்பும், குடும்பப் படங்களும், கட்டுரைகளும் அதில் இருக்கின்றன. அவற்றைக் கூறுபடுத்திப் பெயரிட்டு வைத்திருக்கிறீர்களா? வேறிடத்தில் நகல் உண்டா? அந்த நிறுவனம் நாளை மறைந்தால் உங்கள் பொருளை வெளியே எடுக்க வழி தெரியுமா? உங்களைப் பற்றி அது எவற்றையெல்லாம் நினைவில் வைத்திருக்கிறது? 140 கிலோபைட்டு வட்டைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய நூலகர்கள் கேட்ட கேள்விகள் இவையே. ஏதேனும் ஒரு விடுமுறை நாளில் உங்கள் பள்ளி நூலகத்துக்குச் சென்று, சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து நூறு நூல்களைத் தேர்ந்து, நான் கூறிய விதிகளின்படி ஒரு சிறு பட்டியல் ஆக்கிப் பாருங்கள். நூலகரின் பணி எத்துணை நுட்பமானது என்பதும், பொறி எவ்வளவு செய்யும், மனிதன் எவ்வளவு செய்ய வேண்டும் என்பதும் அந்த நூறு பதிவுகளில் உங்களுக்கு விளங்கிவிடும்.